அச்சத்தின் அளவு

1956 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஹங்கேரிய எழுச்சியை அடக்க, விடியும் முன்பே சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் வந்துவிட்டன. பிரதமர் இம்ரே நாகி வானொலியில் சில வாக்கியங்கள் பேசிவிட்டு யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். முந்தைய நாள்தான் அமைச்சராக அறிவிக்கப்பட்டிருந்த அரசியல் சிந்தனையாளர் இஷ்ட்வான் பிபோ அன்று காலை நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சிறிது நேரத்தில், அரசின் பெயரால் அங்கே எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். சுற்றிலும் அந்நியப் படை நிற்க, உட்கார்ந்து ஹங்கேரிய மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நடந்தது பாசிசக் கலகம், யூத விரோதக் கலகம் என்ற பழியை அந்த அறிக்கை மறுக்கிறது. ஆக்கிரமிப்புப் படையையும் அது நிறுவப்போகும் பொம்மை அரசையும் சட்டப்படியான அதிகாரமாக ஏற்காதீர்கள், ஒத்துழைக்க மறுத்து நில்லுங்கள் என்கிறது. இதுவரை உள்ளதைத் துணிச்சல் உள்ள வேறு யாரும் எழுதியிருக்கக்கூடும். அடுத்து வருவதுதான் அவருடையது. ஆயுதம் ஏந்தும்படி ஆணையிட என்னால் முடியாது. நான் நேற்றுத்தான் அரசில் சேர்ந்தேன். படை நிலவரம் எனக்குத் தெரியாது. தெரியாமல் இளைஞர்களின் உயிரைச் செலவழிப்பது பொறுப்பற்ற செயல் என்ற பொருளில் எழுதுகிறார். நகரத்துக்கு உணவும் அன்றாடச் சேவைகளும் தடைப்படக் கூடாது என்பதற்கும் அதில் இடம் வைக்கிறார். துப்பாக்கிகளுக்கு நடுவில் இருந்த ஒருவர், தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணக்குப் பார்த்து எழுதிய தாள் அது.

அஞ்சாமை என்பது என்ன என்ற பழைய கேள்வியை இந்தத் தாளை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது பிறவியில் வரும் குணமா, நெஞ்சுரமா, இறைநம்பிக்கை தரும் வரமா? நாம் பொதுவாக அதை மனத்திண்மையின் கணக்கில்தான் எழுதுகிறோம். சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை என்று விட்டுவிடுகிறோம். பிபோ தன் ஆய்வு வாழ்க்கை முழுவதும் இதற்கு மாறான ஒன்றைச் சொல்லிவந்தார் என்பது என் வாசிப்பு. அஞ்சாமை ஓர் அறிவுப் பழக்கம். எதிரே நிற்கும் ஆபத்து எவ்வளவு பெரியதோ அவ்வளவே பெரியதாக அதைப் பார்க்கப் பழகுவது. அந்தப் பழக்கம் கெட்டுப்போனால் மனிதன் கோழையாவது மட்டுமில்லை, உண்மையைக் காணும் கண்ணையே இழக்கிறான். ஒரு நாடும் அப்படியே இழக்கும். ஆகவே அச்சம் அரசியல் சிக்கலாகவோ அறநெறிச் சிக்கலாகவோ ஆவதற்கு முன்பே அறிவின் சிக்கல். திருக்குறளிலும் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைப் பற்றிய பேச்சு படைச்செருக்கு அதிகாரத்தில் வராமல் அறிவுடைமை அதிகாரத்தில் வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய கல்வித்துறை வாழ்க்கையை ஆண்டுகளாக எழுதினால் மிகச் சிறியதாகத் தெரியும். 1911-இல் பிறந்தவர். தந்தை செகெட் பல்கலைக்கழக நூலகத்தின் இயக்குநர். மகனும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே சட்டம் படித்து, பார்னா ஹோர்வாத்திடம் சட்டத் தத்துவம் பயின்றார். வியன்னாவுக்கும் ஜெனீவாவுக்கும் போய்ப் படித்தார். கட்டாயம், சட்டம், சுதந்திரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றிய முதல் நூல் 1935-இல் வந்தது. போருக்குப் பின் 1946-இல் செகெட்டில் அரசியல் துறைப் பேராசிரியர். அதே ஆண்டு ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர். தொடர்ந்து கிழக்கு ஐரோப்பாவை ஆராயும் நிறுவனம் ஒன்றின் பொறுப்பு. 1949-இல் கழக உறுப்பினர் தகுதி போயிற்று, 1950-இல் பேராசிரியர் பதவியும் போயிற்று. பிறகு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நூலகர் வேலை, 1956-இல் சில நாள் அமைச்சர், 1957 மே மாதம் கைது, 1958 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை, 1963-இல் பொது மன்னிப்பில் விடுதலை. ஓய்வு பெறும் 1971 வரை மத்தியப் புள்ளிவிவர அலுவலகத்தின் நூலகத்தில் வேலை. 1979 மே 10-இல் காலமானார். பேராசிரியர் நாற்காலி அவரிடம் இருந்தது ஏறக்குறைய நான்கே ஆண்டுகள். ஆனாலும் ஐரோப்பாவை, அதிலும் நடு ஐரோப்பாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் ஆராயும் எவரும் அவரைத் தொடாமல் போக முடியாது. ஐரோப்பாவின் மூன்று வரலாற்று வட்டாரங்கள் என்று வரலாற்றாசிரியர் யெனோ சூச் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு பிபோவின் சிந்தனையிலிருந்து கிளைத்தது. பிபோவின் நினைவாக வந்த தொகுதிக்காகவே அது எழுதப்பட்டது.

அச்சம் பார்வையைக் கெடுக்கிறது என்ற கருத்தை அவர் முதலில் விரித்தது ஜெர்மனியை வைத்து. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஜெர்மானிய அரசியல் வெறியின் காரணங்களையும் வரலாற்றையும் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை எழுதினார். ஜெர்மானியர் இயல்பிலேயே இப்படி என்ற எளிய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு சமூகம் தாங்க முடியாத அதிர்ச்சியைச் சந்திக்கிறது. அதை உள்ளபடி ஏற்க முடியாமல், உண்மைக்குப் பொருந்தாத ஒரு விளக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்த விளக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்த பொய் வேண்டியிருக்கிறது. 1946-இல் கிழக்கு ஐரோப்பியச் சிறு நாடுகளின் அவலத்தைப் பற்றி எழுதியபோது இதே கருவியைத் தன் வீட்டின்மீதே வைத்தார். மேற்கே நாட்டின் எல்லை முதலில் உறுதிப்பட்டது, மக்களாட்சி அந்த எல்லைக்குள் வளர்ந்தது. கிழக்கே, ஹாப்ஸ்பர்க் பேரரசும் ஒட்டோமான் பேரரசும் கலைந்த இடத்தில், மொழியால் ஆன தேசத்துக்கும் பழைய வரலாற்று நாட்டுக்கும் எல்லை பொருந்தவே இல்லை. போலந்தும் ஹங்கேரியும் செக் நாடும் தங்கள் இனமே நாளை இருக்காதோ என்று அஞ்சின. தேசத்தைக் காப்பதா, சுதந்திரத்தைக் காப்பதா என்று இரண்டும் எதிரெதிரே நின்றதாகத் தோன்றிய நொடியில் மக்களாட்சி உணர்வு கோணலாகிவிட்டது என்கிறார். மக்களாட்சியை விரும்புகிறவனின் முதல் தகுதி அஞ்சாமல் இருப்பது என்பது அந்தக் கட்டுரையில் அவர் வந்து சேரும் இடம். வேற்று இனத்தானுக்கு, வேற்றுக் கருத்துக்கு, புரட்சிக்கு, சதிக்கு என்று எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவன், கற்பனை ஆபத்தை விரட்டிக்கொண்டே உண்மையான ஆபத்துக்குள் போய் விழுகிறான்.

ஹங்கேரியைப் பற்றி 1948-இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் 1867-இல் செய்துகொண்ட உடன்படிக்கை அந்த நாட்டின் பொற்காலத் தொடக்கம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ரயில் பாதைகளும் புடாபெஸ்ட்டின் பெரிய வீதிகளும் அதற்குச் சாட்சி. பிபோவுக்கு அது இரு தரப்பும் தங்களை ஏமாற்றிக்கொண்ட ஏற்பாடு. மன்னர் தரப்பு பேரரசைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டது. ஹங்கேரியத் தரப்பு விடுதலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டது. ஸ்லோவாக்கியர், ருமேனியர், செர்பியர் ஆகியோர் பிரிந்து போய்விடுவார்கள் என்ற அச்சம் இரண்டுக்கும் அடியில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனமில்லை. பொய்யின்மேல் கட்டிய சமூகத்தில் யார் மேலே வருகிறார்கள் என்று அவர் பார்க்கும் இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்கே நடைமுறைவாதி என்று பெயரெடுப்பவன், அந்தப் பொய்யின் சுவர்களுக்குள் சாமர்த்தியமாக நடமாடத் தெரிந்தவன். சுவரைச் சுட்டிக்காட்டுகிறவனோ கனவு காண்பவன் என்று ஓரங்கட்டப்படுகிறான். தலைமைக்கு ஆள் எடுக்கும் வழியே இப்படித் தலைகீழாகிறது. பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கில்லை. பதவி உயர்வுகளை மட்டும் வைத்து ஒரு சிந்தனையாளரின் தகுதியை அளக்கிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். எல்லா அச்சமும் பொய்யா? சிறு நாடுகள் உண்மையிலேயே வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டிருக்கின்றன. போலந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் இல்லாமலே இருந்தது. 1920-இல் த்ரியனோன் ஒப்பந்தம் ஹங்கேரியின் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பறித்தது, முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஹங்கேரியர் ஒரே நாளில் அண்டை நாட்டுக் குடிகளானார்கள். இவர்களிடம் போய் அஞ்சாதே என்று சொல்வது வெறும் உபதேசம் ஆகாதா? ஆகியிருக்கும், பிபோ அப்படிச் சொல்லியிருந்தால். அந்த அச்சத்துக்கு வேர் உண்டு என்பதை அவர்தான் முதலில் எழுதுகிறார்; தேசம் சாவது என்பது மேற்கத்தியருக்கு வெற்றுச்சொல், கிழக்கே அது கண்ட உண்மை என்கிறார். அவருடைய வேலை அந்த அச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது. வேற்று மொழி பேசியவர்களின் நிலம் பிரிந்து போனது ஒன்று. ஹங்கேரிய மொழி பேசியவர்களின் ஊர்களையும் சேர்த்து வெட்டியது இன்னொன்று. முதலாவது வரலாற்றில் வந்தே தீரும், இரண்டாவது அநீதி. ஹங்கேரிய அரசியல் இரண்டையும் ஒரே புண்ணாக வைத்து இருபது ஆண்டுகள் சொறிந்தது. எல்லாம் வேண்டும் என்று கேட்டதால் நியாயமானதையும் கேட்க முடியாமல் போயிற்று. கடைசியில் ஹிட்லரோடு போய் நின்றது. 1946-இல் புதிய சமாதான ஒப்பந்தம் மறுபடியும் அதே எல்லைகளை நோக்கிப் போனபோது அவர் சொன்ன வழி இது: ஒப்பந்தத்தை நேர்மையாக நிறைவேற்றுவோம், அதை மாற்றச் சதி செய்ய மாட்டோம், அது நியாயமானது என்று பொய்யும் சொல்ல மாட்டோம், எல்லைக்கு அப்பால் இருக்கும் ஹங்கேரியரின் நலனில் அக்கறையையும் விட மாட்டோம். துக்கத்தைத் துக்கமாகவே வைத்திருக்க ஒரு நாட்டுக்குக் கற்றுத்தரும் பேச்சு இது.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. பிறர் நமக்கு என்ன செய்வார்களோ என்ற அச்சத்தை ஆராய்வது எளிது; நாம் செய்தது வெளியே வந்துவிடுமோ என்ற அச்சம் அப்படி இல்லை. 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டு வாரங்களுக்குள், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். நீதி அமைச்சகத்தில் அப்போது அதிகாரியாக இருந்த பிபோ, துன்புறுத்தப்பட்டவர்களைக் காப்பாற்ற விலக்குச் சான்றிதழ்கள் வழங்கினார். அந்த அக்டோபரில் கைதானார். வெளியே வந்தபின் தலைமறைவாக இருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் நான்கு ஆண்டுகள் கழித்து எழுதும்போது தன் கை சுத்தம் என்று தொடங்கியிருக்கலாம். 1948-இல் வாலஸ் இதழில் வந்த நீண்ட கட்டுரையில் அவர் பொறுப்பை ஜெர்மானியர்மேல் தள்ளிவிடாமல் ஹங்கேரிய நிர்வாகம், தேவாலயங்கள், படித்த நடுத்தர வகுப்பு என்று தன்னைச் சேர்ந்தவர்களின் வாசலிலேயே வைக்கிறார். அவருடைய மாமனார் லாஸ்லோ ராவாஸ் சீர்திருத்தத் திருச்சபையின் ஆயர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், தேவாலயங்களைப் பற்றிய வரிகளின் கனம் புரியும். அவர் கேட்பது மார்பில் அடித்துக்கொள்ளும் குற்ற உணர்வும் இல்லை. யார் எந்த இடத்தில் என்ன செய்யத் தவறினோம் என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய கணக்கு. இங்கும் அதே முறைதான்: அளவு.

இந்த முறைக்கு அடியில் ஒரு சமயப் பார்வை இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில், அச்சில் வெளியிட வாய்ப்பே இல்லாத நிலையில், ஐரோப்பியச் சமூக வளர்ச்சியின் பொருள் என்ற தலைப்பில் அவர் ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார். மனிதன் தான் சாகப்போவதை அறிந்த உயிர் என்பதிலிருந்து அந்தப் பேச்சு புறப்படுகிறது. மரண அச்சம் தாங்காமல் மனிதன் அடுத்தவனை அடக்கிப் பார்க்கிறான். அடக்கியவுடன் அச்சம் தணிந்ததுபோல் இருக்கிறது, தணிவதில்லை. அடக்கப்பட்டவனிடமும் அச்சம் பிறந்து இரண்டாகிவிடுகிறது. இயேசுவின் போதனையை அவர் இந்த இடத்தில்தான் வைக்கிறார். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டு என்பதைப் பலவீனரின் அறமாகவோ, துறவிகளுக்கு மட்டுமான விதியாகவோ அவர் படிக்கவில்லை. அறைகிறவனின் கை அச்சத்தால் இறுகியது. எதிர்பார்த்த பதிலடி வராதபோது அந்த இறுக்கம் தளரும் வாய்ப்பு உண்டு. சாந்தம் என்பது அச்சத்தின் சங்கிலியை ஓரிடத்தில் அறுக்கும் திறன். ஐரோப்பாவின் சாதனை என்று அவர் எண்ணுவது, அதிகாரத்தைத் தோலுரித்து, அறத்துக்குக் கட்டுப்படுத்தி, கடைசியில் தனிமனிதச் சார்பற்ற பணியாக மாற்ற நடந்த நூற்றாண்டுக் கணக்கான முயற்சியை. அதில் கிறித்தவத் திருச்சபைக்குப் பெரிய பங்கு தருகிறார். பிரெஞ்சுப் புரட்சியை அவர் எடைபோடுவதும் இதே தராசில்தான். ஐரோப்பாவின் புரட்சிகளிலேயே மிக வெற்றி பெற்றதும் அதுதான், மிகத் தோற்றதும் அதுதான். தோல்வி எதனால் என்றால் அது மூட்டிவிட்ட பெரும் அச்சத்தால். அந்த அச்சம் ஒரு பக்கம் தொழில்முறைப் புரட்சிக்காரனையும் மறுபக்கம் தொழில்முறைப் பிற்போக்காளனையும் பெற்றெடுத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் தின்று வளர்ந்தார்கள்.

சரி, இதெல்லாம் டாங்கியின் முன் என்ன ஆயிற்று என்று கேட்பவர் உண்டு. கேட்கத்தான் வேண்டும். 1945-இல் ஹங்கேரிய மக்களாட்சியின் நெருக்கடியைப் பற்றி அவர் எழுதினார்: பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் வந்துவிடுமோ என்று ஒரு சாராருக்கு அச்சம், பழைய ஆதிக்கம் திரும்பிவிடுமோ என்று மறுசாராருக்கு அச்சம், இரண்டும் ஒன்றையொன்று ஊதிப் பெரிதாக்குகின்றன என்று. மார்க்சியத் தத்துவவாதி ஜார்ஜ் லூகாச் உள்ளிட்டோர் அந்தக் கட்டுரையோடு வாதிட்டார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த இரண்டு அச்சங்களில் ஒன்று முழு உண்மையாகவே ஆனது. அப்படியானால் அஞ்சியவர்கள் சொன்னது சரி, பிபோ சொன்னது தவறு என்றாகாதா? அவர் மாஸ்கோவின் எண்ணத்தைக் குறைத்து மதித்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அஞ்சியவர்களின் அச்சம் அந்த முடிவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. பலரை மௌனமாக்கி, சிலரைப் பணியவைத்து, சர்வாதிகாரத்தின் வேலையை எளிதாக்கியது. ஆபத்து மெய்யாக வந்தது என்பதால், அதற்கு நடுங்கியது தெளிந்த பார்வை என்று ஆகிவிடாது. 1956-இல் தோற்ற பிறகும் அவர் கையில் எடுத்தது ஒரு சமரசத் திட்டம்: மாஸ்கோவுக்கு நியாயமாக எவ்வளவு உறுதி வேண்டுமோ அதைத் தந்து, நாட்டுக்குச் சுதந்திரம் எப்படிப் பெறலாம் என்ற வரைவு. நவம்பர் 9 தேதியிட்ட அந்தத் தாள் அவரோடு இயங்கிய அர்பாத் கோன்ஸ் வழியாக இந்தியத் தூதரகத்துக்குப் போயிற்று. ஹங்கேரிக்கும் பொறுப்பு வகித்த, மாஸ்கோவில் இருந்த இந்தியத் தூதர் கே.பி.எஸ். மேனன் வரை செய்தி சேர்ந்தது. எதிரிக்கும் ஓர் அச்சம் உண்டு, அதற்கும் ஓர் அளவு உண்டு என்று கணக்கில் எடுத்த திட்டம் அது. மாஸ்கோ அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததை வைத்து அது பேதைமை என்று சொல்ல என்னால் முடியாது.

உயிர் தப்பியவரை வைத்து அஞ்சாமையைப் பேசுவது எளிது என்பது இன்னொரு மறுப்பு. 1958 ஜூன் 16-இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார்; ஏழு வாரத்துக்குள் பிபோவுக்கும் கோன்ஸுக்கும் கிடைத்தது ஆயுள் தண்டனை. நேருவின் தலையீட்டால்தான் அவர்கள் தூக்குமேடைக்குப் போகவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. அது உண்மையானால் அவர் பிழைத்தது தற்செயல், அறிவின் பலன் என்று எழுத முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் முன்வைக்கும் கருத்து பலனைப் பற்றியதே கிடையாது. அளவறிந்து பார்க்கிறவன் பிழைப்பான் என்று பிபோ எங்கும் வாக்களிக்கவில்லை. அப்படிப் பார்க்காத சமூகம் தனக்கு என்ன நடக்கிறது என்பதையே அறியாது என்றுதான் சொன்னார். எல்லோரிடமும் வீரத்தை எதிர்பார்க்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வீரம் சிலருக்கே வரும். அச்சத்தை ஆராய்வதோ கற்றுத்தரக்கூடியது. வகுப்பறையிலும் பத்திரிகையிலும் தேவாலய மேடையிலும் செய்யக்கூடியது. செகெட்டில் அவர் அந்த நான்கு ஆண்டுகளில் செய்ததும் அதுதான். நாற்காலியைப் பறித்தவர்கள் ஓர் ஆளை மட்டும் அப்புறப்படுத்தவில்லை, அந்தப் பாடத்தையே நிறுத்தினார்கள்.

இதனால்தான் துன்பம் சிந்தனையைப் புடம்போடுகிறது என்ற அழகான பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. அவருடைய பெரும் கட்டுரைகளின் வரிசையைப் பாருங்கள்: 1945, 1946, 1948. பேசவும் அச்சிடவும் இடமிருந்த ஆண்டுகள் அவை. 1949-க்குப் பின்னர் பெரும்பாலும் மௌனம். எழுதியவை மேசைக்குள் கிடந்தன. ஐம்பது வயதைத் தாண்டியபின் புள்ளிவிவர அலுவலக நூலகத்தில் பகலைக் கழித்தவரிடம் இருந்து ஐரோப்பா இழந்த நூல்கள் எத்தனை என்று எண்ண வழியில்லை. சர்வதேச நிறுவனங்கள் ஏன் முடங்குகின்றன, தன்னாட்சி உரிமையும் வல்லரசுகளின் இசைவும் நடுவர் தீர்ப்பும் எப்படிப் பொருந்தும் என்று ஆராயும் அவருடைய நூல் 1976-இல் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் வெளிவந்தது; அவர் இறக்க அப்போது மூன்று ஆண்டுகளே இருந்தன. சொந்த நாட்டில் சொந்த மொழியில் அவருடைய கட்டுரைத் தொகுதிகள் 1986-இல்தான் அச்சேறின. அதற்கு முன்பே ஹங்கேரியப் புராட்டஸ்டன்ட் அமைப்பொன்று அவற்றை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெளியிட்டிருந்தது. அவருக்காக 76 பேர் எழுதிச் சேர்த்த நினைவுத் தொகுதியைப் பதிப்பகம் ஏற்கவில்லை, அது தட்டச்சுப் படிகளாகவே கைமாறியது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத அணிகளைச் சேர்ந்தவர்கள் அதில் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள்.

1968-இல் அவர் எழுதிய கற்பனை வரலாறு ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் தனி அதிகாரத்துக்கு மேலாகத் திருச்சபைப் பொதுச் சங்கத்தை நிறுத்த முயன்ற இயக்கம் தோற்காமல் வென்றிருந்தால் ஐரோப்பா எப்படி இருந்திருக்கும் என்பது பொருள். அதிகாரம் மேலிருந்து அச்சுறுத்தாமல், ஒன்றுகூடிப் பேசித் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தால் லூத்தரும் கால்வினும் பிரிந்துபோக வேண்டியிருந்திருக்காது என்ற உலகம் அது. மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். சீர்திருத்தத் திருச்சபையின் ஆயர் ராவாஸ் அதில் கத்தோலிக்கக் கர்தினால். பிபோ தனக்கு வைத்துக்கொண்ட பதவி, வாத்ஸ் நகரத் தேவாலயத்தின் கௌரவக் குருப் பதவி. வாத்ஸ் அவர் சிறையிருந்த ஊர்.